வெஃகாமையும் அடுத்த காரும்

ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டி எந்தக் குறையுமின்றி ஓடும்போதே, அடுத்து எதை வாங்கலாம் என்று மாதக்கணக்கில் ஆராயும் கார்ப் பிரியரின் மனநிலையை ஆசை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாமா என்பது, தோற்றத்தைவிடக் கடினமான சமயக் கேள்வியாகும். அவர் டர்போ பெட்ரோலையும் ஹைபிரிட்டையும் ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் எப்படி நடந்துகொள்கிறது என்பதை டெஸ்ட் டிரைவில் கூர்ந்து கவனிக்கிறார். மைலேஜ், ரீசேல், வெயிட்டிங் பீரியட் என எல்லாவற்றையும் தராசில் இட்டபின், பல வேளைகளில் எதையும் வாங்காமலே அடுத்த மாடலின் வருகைக்குக் காத்திருக்கிறார். பொருளைச் சேர்த்துவைக்கும் பேராசைக்காரனின் இயல்பு இதுவன்று. சேர்ப்பவனுக்குப் பொருள் கைக்கு வந்தால் போதும். கார்ப் பிரியருக்கோ தெரிந்தெடுக்கும் செயலே இன்பத்தின் பெரும்பகுதியாக அமைகிறது.

இத்தகையவரைக் கண்டதும் அறநூல் பயின்றவர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் திருக்குறளின் 37-ஆம் அதிகாரமான அவாவறுத்தலையே. ஆனால் அவ்வதிகாரம் நூலில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். அது துறவறவியலின் இறுதி அதிகாரம். நிலையாமையை உணர்ந்து, துறந்து, மெய்யுணர்ந்தவனுக்கு எஞ்சி நிற்கும் பற்றின் வேரைக் களையச் சொல்வது. மனைவி மக்களோடு வாழ்ந்து, வேலைக்குப் போய், மாதத் தவணை கட்டும் ஒருவரை அந்த அளவுகோலால் அளப்பது நூலமைப்புக்குப் பொருந்தாத வாசிப்பாகும். இல்லறத்தானுக்கென வள்ளுவர் வகுத்த இடத்தில் இருப்பது 18-ஆம் அதிகாரமான வெஃகாமை, அதாவது பிறர்க்குரிய பொருளைக் கவர விரும்பாமை. முதலாவது, விரும்புகின்றவனின் உள்ளத்தை மட்டும் நோக்குகிறது. இரண்டாவது, விரும்பப்படும் பொருள் யாருக்கு உரியது என்று கேட்கிறது. கார் வாங்குதல் பற்றிய சமய விசாரணை இந்த இரண்டாம் கேள்வியை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டுவிட்டு, முதலாவதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

தேர்வுகள் பெருகியதால்தான் இந்த மோகம் வந்தது என்ற எளிய விளக்கத்தையும் வரலாறு ஏற்கவில்லை. உற்பத்திக்கு அரசு உரிமம் தேவைப்பட்ட காலத்தில் இந்தியரின் முன் இருந்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணத்தக்க சில கார்களே. அவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் பதிந்து காத்திருக்கவேண்டும். ஆயினும், பழவேற்காட்டுக்குச் செல்லும் வழிக்கு அருகிலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் நிறுவப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் அந்தச் சாதாரணக் கார்களே உருமாறி ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் திறக்கப்படும் முன்பே, வெயிலில் நின்று எஞ்சின் ஒலியை வைத்தே வண்டியை இனம் கண்டுகொள்ளும் ஒரு கூட்டம் சென்னையில் உருவாகிவிட்டது. வாங்குவதற்கு வேறில்லாதபோது இருப்பதையே நுணுகி அறிந்து மாற்றியமைத்தார்கள். எனவே கார்ப் பற்று என்பது அடிப்படையில் ஒருவகை ரசனை. அதற்கு நிறைய கார்கள் தேவைப்படவில்லை, ஒரு காரை முழுமையாகக் கவனிக்கும் மனம் தேவைப்பட்டது.

கவனிப்பு எந்த இடத்தில் தன்னையே விழுங்கத் தொடங்குகிறது என்பதற்கு, 1111-இல் மறைந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் கஸ்ஸாலி கையாண்ட ஓர் எடுத்துக்காட்டு உதவும். எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்கள் ஒருவன் முன் இருந்து, ஒன்றை மட்டுமே எடுக்கலாம் என்றால், அவன் காரணம் கிடைக்காமல் பட்டினி கிடக்கமாட்டான். ஒத்தவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதே விருப்பாற்றலின் இயல்பு என்பது அவர் வாதம். இன்றைய கார்ச் சந்தை அந்தப் பழங்களை நேராகவே கொண்டுவந்து வைத்திருக்கிறது: மாருதி சுசுகியின் பலேனோவும், 2019 முதல் டொயோட்டா விற்கும் கிளான்சாவும் அடிப்படையில் ஒரே கார், முகப்பும் சின்னமும் உத்தரவாதமும் சற்றே வேறு. இவ்விரண்டுக்கிடையே வாரக்கணக்கில் அலைபவர், கஸ்ஸாலியின் மனிதன் நொடியில் செய்ததைச் செய்ய முடியாமல், இல்லாத காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அனுமதிக்கப்பட்ட இரு வழிகளுக்கிடையே தடுமாறும் முஸ்லிம் இரண்டு ரக்அத் தொழுது இறைவனிடம் நன்மையானதை நாடும் இஸ்திகாரா என்ற வழக்கத்தின் நுட்பம் இங்கே விளங்கும். அது ஆராய்ச்சியை மறுப்பதில்லை. ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவிய தத்துவப்படி, உயிர் தனித்து நின்று அறிவதில்லை. எதனோடு சேர்கிறதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொள்கிறது. இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவது இதற்கு வழக்கமான உவமை. ஒருவர் தம்மை டீசல்காரர் என்றோ, மேனுவல் கியர் தவிர வேறு தொடாதவர் என்றோ அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது நிகழ்வது இதுவே. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகர்த் தொழிலாளர் வேலையை இழந்தனர் என்பது கண்கூடான துன்பம். ஆனால் அந்தக் கார்களின் உரிமையாளர் பலரும், வண்டி வீட்டு வாசலில் அப்படியே நிற்கையில், தங்களில் ஏதோ குறைந்துபோனதாக வருந்தினர். சித்தாந்த நோக்கில் இது கேலிக்குரியதன்று, பாவமுமன்று. சாராமல் இருக்க உயிரால் முடியாது என்பதே அத்தத்துவத்தின் தொடக்கம் ஆகையால், கேள்வி எதைச் சார்வது என்பதாகிறது. ஆயினும் இந்த விளக்கமும் உயிருக்கும் காருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாமவர் ஒருவர் அதில் தென்படுவதில்லை.

மூன்றாமவர் தென்படும் ஏற்பாடு ஒன்று பழவேற்காட்டு ஏரியில் உண்டு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் தென்பகுதியில், கடல் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் மிகுதியாகக் கிடைக்கும்; அவ்விடங்களோ சில. பட்டினவ மீனவர் குப்பங்கள் சில இவ்விடங்களைப் பாடு என்ற முறையால் பகிர்ந்துகொள்கின்றன. உரிமையுடைய ஒவ்வொரு தலைக்கட்டும், அதாவது கணக்கில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத் தலைவரும், சீட்டெடுப்பாலும் சுழற்சியாலும் முறைபெற்று, தமக்கு விழுந்த நாளில் விழுந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டுகிறார். நல்ல இடமும் மோசமான இடமும் காலப்போக்கில் எல்லாருக்கும் வந்துசேரும். அடுத்து எங்கே என்ற கேள்வி அங்கும் இருக்கிறது. ஆனால் அதற்கு விடை சொல்வது ஒருவரின் விருப்பம் அன்று. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலை மீனவர் சீட்டுப் போட்டே இடம் பிரித்துக்கொள்கின்றனர். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையில் தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்ததும், குழப்பமான நேரத்தில் தெய்வத்தின்முன் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பதும் இதே எண்ணத்தின் வேறு கிளைகளாம்.

தெய்வத்துக்கே இந்த ஒழுங்கு உண்டு என்பது கவனத்துக்குரியது. சிவாலயத்தின் பிரம்மோற்சவத்தில் இறைவன் வேளைக்கொரு வாகனத்தில் உலா வருகிறார்; மயிலாப்பூரின் பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் அதிகார நந்தி என்றால் அது என்றும் மூன்றாம் நாளே. இத்தனை வாகனங்களுக்கு உரிமையாளர் வேறெவரும் இல்லை, ஆனாலும் அவற்றுள் எதிலும் ஏறுவது அவருடைய மனப்போக்கைப் பொறுத்ததாக விழா அமைக்கப்படவில்லை. வீதியில் நிற்பவர்கள் எதிர்பார்க்கக்கூடிய முறையாக அது அமைக்கப்பட்டிருக்கிறது.

முறையைப் புகழ்வது எளிது; அதில் ஆபத்தும் உண்டு. உரிமக் காலத்துக் காத்திருப்புப் பட்டியலும் ஒருவகை முறைதான். ஆனால் அதில் செல்வாக்குள்ளவர் முந்தினார், பதிவுச் சீட்டு கூடுதல் விலைக்குக் கைமாறியது, யாரும் யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை. பாடு முறையும் குற்றமற்றதன்று: தலைக்கட்டு என்ற வரையறை பெண்களையும், ஏரியில் மீன்பிடிக்கும் பிற சமூகத்தாரையும் வெளியே நிறுத்துகிறது, அதனால் பூசல்களும் எழுந்துள்ளன. ஆகவே சீட்டு என்பதாலேயே ஒன்று அறமாகிவிடாது. பாடு முறையின் சிறப்பு சீட்டில் இல்லை, சீட்டு விழும்போது எல்லாரும் அங்கே உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. நல்ல இடம் பெற்றவருக்கு, அன்று அது கிடைக்காதவர் யார் என்பது முகத்தோடு தெரியும்.

கார் வாங்குபவருக்கு அந்த முகங்கள் தெரிவதில்லை என்பதற்குக் காட்டுப்பள்ளி சான்று. கொசஸ்தலையாற்றின் உப்பங்கழிக்கும் வங்கக்கடலுக்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய மணல்தீவின் தெற்கே, 2001-இல் செயல்படத் தொடங்கி 2014-இல் காமராசர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகம் இருக்கிறது. ஒரகடத்தில் செய்த நிஸ்ஸான் கார்கள் 2010 முதல் இதன் வழியே கடல் கடந்தன. கார்கள் தாமே உருண்டு ஏறி இறங்கும் ரோ-ரோ என்ற வகைக் கப்பல்கள் இங்கே வருகின்றன. தீவிலேயே கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாற்றப்பட்டது. 2018-இல் அதானி குழுமம் வாங்கிய அந்தத் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம், கடலைத் தூர்த்துப் பெறும் நிலத்தையும் உள்ளடக்கியது; மீனவ ஊர்கள் இதனை எதிர்த்து வருகின்றன. ஒரு துறைமுகத்தின் சரக்கில் கார் ஒரு பங்கே, நிலக்கரியும் பெட்டிச் சரக்கும் எண்ணெயும் பெரும்பங்கு என்று மறுப்புரைக்கலாம், அம்மறுப்பு சரியானதே. ஆனால் காரின் எஃகும் எரிபொருளும் மின்சாரமும் அந்த மற்றப் பங்குகளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

மனச்சாட்சியுள்ள கார்ப் பிரியர் இன்று மின்சாரக் காருக்கு மாறுவதை அறத்தேர்வாகக் கருதுகிறார்; புகைபோக்கியை மட்டும் வைத்துப் பார்த்தால் அது உண்மை. ஆனால் தீவின் எதிர்க்கரையில், அத்திப்பட்டில், வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பற்குழம்பு குழாய்களில் செப்பாக்கத்துச் சாம்பற்குளத்துக்குப் போகும் வழியில் கசிந்து கொசஸ்தலையாற்றுச் சதுப்பில் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. டீசலா மின்சாரமா என்று நகரத்தில் ஒருவர் கேட்கும்போது, இறால் தடவி எடுத்து வாழ்பவரின் சேற்றுப்படுகையும் அக்கேள்விக்குள் இருக்கிறது. இதனால் மின்சாரக் கார் வேண்டாம் என்றாகாது. காற்றாலையும் சூரியஒளியும் பெருகப் பெருக அதன் கணக்கு மாறும். ஆனால் விடை சரியாக இருந்தாலும் கேள்வி முழுமையாகக் கேட்கப்படவில்லை. வெஃகாமை கேட்பது இதைத்தான்: விரும்பிய பொருளுக்குள் பிறருடையது எவ்வளவு கலந்திருக்கிறது?

இதற்கு நடைமுறையில் மிக நெருங்கி வருவது சமணத்தின் ஒரு வழக்கம். சென்னையிலிருந்து பொன்னேரிப் பக்கம் போகும் வழியில் புழலில் ஆதிநாதர் கோயில் உள்ளது. அங்கு வழிபட வரும் சுவேதாம்பர மரபினருள், இல்லறத்தார் தினமும் தமக்கு அளவு வகுத்துக்கொள்ளும் பதினான்கு நியமங்களில், உணவு, உடை, பூ, படுக்கை ஆகியவற்றோடு வாகனமும் ஒன்று. இன்று எத்தனை வாகனத்தில் ஏறுவது என்பதைக் காலையிலேயே, எந்த வண்டியும் கண்முன் வந்து நிற்கும் முன்னரே, முடிவுசெய்துவிடுகிறார்கள். அது வாகனத்தை இழிவாகப் பேசவில்லை, அதன் மேலுள்ள ரசனையையும் தடுக்கவில்லை. விருப்பத்துக்கு முன்னால் எண் வருகிறது, அவ்வளவே. ஆனால் அந்த எண்ணைத் தனியொருவர் தம் வீட்டுக்குள் தாமே வகுத்துக்கொள்கிறார். பழவேற்காட்டின் பாடு முறையில் அதை ஊர் கூடி வகுக்கிறது. காட்டுப்பள்ளியிலோ ஊர் கூடுவதே நடக்கவில்லை. அங்குள்ள துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுக்கேட்பு, பாதிக்கப்படுவோரை அழைத்து அவர்கள் சொல்லைக் கேட்கும் சட்டப்படியான கூட்டம், 2021 ஜனவரிக்கும் 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. அது நடந்திருந்தாலும், அங்கே சாய்ப்பந்தலில் உட்காரவேண்டியவர்கள் மீனவரும் அதிகாரிகளும் நிறுவனத்தாரும் மட்டுமே. அடுத்து எந்தக் கார் என்று சென்னையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அக்கூட்டத்தில் நாற்காலி கிடையாது, அவரும் அதைக் கேட்டதில்லை.