ஆறு பென்ஸ் டிக்கெட்

எழுத்தாளர் ஒருவர் தன் கதையைத் தானே வாசிக்கிற கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஏ.சி. ஹால், முன்வரிசையில் இன்னும் நாலு எழுத்தாளர்கள், முடிந்ததும் காபி... சென்னைக்கு இது புதிதில்லை. அதே கூட்டத்தை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ நடத்தலாம் என்று சொல்லிப் பாருங்கள். 'அங்கே யார் சார் வருவாங்க? ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்தாப் போதும்னு இருக்கும்' என்பார்கள்.

இந்தப் பதிலில் அக்கறை இருக்கிறது. கூடவே கொஞ்சம் கர்வமும் இருக்கிறது. ஒருவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்ய நாம் யார்?

1853 டிசம்பர். பட்டறைகள் நிறைந்த இங்கிலாந்து நகரமான பர்மிங்காம். ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்ட, சார்லஸ் டிக்கன்ஸ் தன் கதைகளை மேடையில் வாசிக்க ஒப்புக்கொண்டார். தொழிலாளர்களும் வந்து கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். டிசம்பர் 30-ம் தேதி மாலை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. டிக்கெட் ஆறு பென்ஸ். டவுன் ஹாலில் இரண்டாயிரம் பேருக்கு மேல் கூட்டம்! வாசித்த கதை, 'கிறிஸ்துமஸ் கேரல்'. ஒரு கஞ்ச முதலாளி, அவனிடம் சொற்பச் சம்பளத்துக்கு மாரடிக்கும் குமாஸ்தா. அந்தக் கூட்டத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்குமா என்ன? வாசித்தவரும் 12 வயதில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியவர்தான்.

'சம்பளத்துக்குப் போராடுகிறவனுக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு கியூபாவில் பதில் இருக்கிறது. 1865-ல் ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில், எல்லோரும் சுருட்டு சுற்ற, ஒருவர் மட்டும் சத்தமாகப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. படிப்பவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். என்ன படிப்பது என்பதிலும் அவர்கள் விருப்பத்துக்கு இடம் இருந்தது. அது வெறும் தாலாட்டு என்றால், மறு வருடமே அரசாங்கம் ஏன் தடை போட்டது? பக்கத்தில் இருக்கும் கண்ணூரில் பீடி சுற்றியவர்களும் இப்படித்தான்... ஒருவர் படிக்க, அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள்.

ஆக, கதை சொல்வதில் தப்பில்லை. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு நாவலை ஆயிரம் பிரதி அச்சடிக்கவே பதிப்பாளர் பத்து முறை யோசிக்கும் தமிழ்நாட்டில், இத்தனை காதுகள் ஒரே இடத்தில்! ரகசியமாகச் சொல்லப்பட்ட மந்திரத்தை திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாகச் சொல்லப்படும் ராமானுஜர் பிறந்ததும் இதே ஸ்ரீபெரும்புதூரில்தான்.

எழுத்தாளர்கள் அங்கே போகட்டும். நிர்வாகம் ஆள் அனுப்பி உட்கார வைக்கும் கலைநிகழ்ச்சியாக வேண்டாம். யார் வர வேண்டும், எந்தக் கதை, எந்த ஷிஃப்ட்டுக்குப் பிறகு என்று அவர்களே சொல்லட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகவும் உரிமை இருக்கட்டும்.

'கதையெல்லாம் வேணாம்ண்ணே, தூங்கணும்' என்றும் அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால், அதை அவர்கள் சொல்ல வேண்டும்... நாம் அல்ல.