ஆறியது வேறு, சேர்ந்தது வேறு

காது ஒரே நாளில் அறுந்துபோனதாகத்தான் பெண்கள் சொல்வார்கள். இடுப்பிலிருந்த குழந்தை ஜிமிக்கியைப் பிடித்து இழுத்தது, தலை துவட்டும்போது துண்டின் நூல் சிக்கியது, கூட்டமான பஸ்ஸில் யாருடைய வளையலோ மாட்டியது என்று ஒரு நாளும் ஒரு காரணமும் இருக்கும். திருடன் பறித்துக்கொண்டு ஓடியதில் கிழிந்த காதுகளும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான காதுகள் அந்த நாளுக்குப் பல வருடம் முன்பே அறுபடத் தொடங்கியிருக்கும்.

காதின் மேல்பகுதியைக் குருத்தெலும்பு தாங்குகிறது. மடலுக்கு அந்தத் துணை கிடையாது. தோல், கொழுப்பு, கொஞ்சம் நார்த்திசு, அவ்வளவுதான். அதில் போட்ட துளையின் கீழ் விளிம்பில்தான் நகையின் முழுப் பாரமும் உட்காருகிறது. வருடக்கணக்கில் அது அழுத்த அழுத்த, துளை கீழ்நோக்கி நகர்கிறது. நகர்ந்த இடத்தைத் தோல் உடனுக்குடன் மூடிக்கொள்கிறது. அதனால் ரத்தம் வராது, வலிக்காது. புள்ளியாக இருந்தது கோடாகும். தோடு முன்பக்கம் குனியும், திருகாணி எட்டிப் பார்க்கும். கடைசியில் ஒரு நூலளவு சதை மிஞ்சியிருக்கும். துண்டும் குழந்தையும் அறுப்பது அந்த ஒரு நூலைத்தான்.

நம் பெண்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஜிமிக்கியின் பாரத்தைத் தலைமுடிக்கு மாற்றிவிடும் மாட்டலை விடப் புத்திசாலித்தனமான நகை எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் மாட்டல் கல்யாணத்துக்கும் நாட்டியத்துக்கும் என்று ஒதுங்கிவிட்டது. அன்றாடம் சுமப்பது மடல்தான்.

அறுந்தபின் நடப்பதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். காயம் சில நாளில் ஆறிவிடும். முன்பக்கத்துத் துண்டின் விளிம்பைத் தோல் மூடும், பின்பக்கத்துத் துண்டின் விளிம்பையும் தோல் மூடும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடந்தாலும் ஒட்டாது. புண் இல்லை, சீழ் இல்லை, வலி இல்லை. வீட்டில் கேட்டால், "வலிக்கலேன்னா விட்டுத் தள்ளு" என்பார்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் முந்தைய தலைமுறைப் பெண்களின் காதுகளுக்கு இன்னொரு வரலாறும் இருந்தது. சிறுமியாக இருக்கும்போதே காது குத்தி, துளையில் பஞ்சுத் திரி வைத்து, அது இளகியதும் சுருட்டிய பனையோலை செருகி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, மடலைத் தோளை நோக்கி இறக்குவார்கள். காது வடிப்பது என்று அதற்குப் பெயர். வடித்த காதில் தண்டட்டியோ பாம்படமோ ஏறும். கனசதுரமும் உருண்டையும் கூம்புமாகத் தங்கத் தகட்டில் செய்து உள்ளே அரக்கு அடைத்த பாம்படம், அசைந்தால் கழுத்தில் இடிக்கும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலும் மடல் தொங்கும் காதுகளைப் பார்க்கலாம். அது அழகு, அந்தஸ்து, அதற்கும் மேலே குடும்பத்தின் சேமிப்பு. பஞ்சத்துக்கும் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் முதலில் கழன்றது அந்தச் சேமிப்புதான். ஆங்கிலேய இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில், உடலைச் சிதைக்கும் பழக்கங்களோடு இதைச் சேர்த்து எழுதினார். அவருடைய கண்ணுக்கு மட்டுமா அப்படிப் பட்டது? அடுத்த இரண்டு தலைமுறைக்குள் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளே வடித்த காதோடு பள்ளிக்கூடம் போகக் கூசினார்கள். வடித்த காதை வெட்டித் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறினவர்கள் ஏராளம். காது அப்படியேதான் இருந்தது. பார்க்கிற கண் மாறிவிட்டது.

என் பெரியம்மாவின் பாம்படம் மூத்த மகளின் கல்யாணத்துக்குக் கழன்றது. அதன் பிறகு அவள் காது வெறும் வளையமாகத் தொங்கியது. ஒரு பக்கம் எப்போது அறுந்தது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். எழுபது வயதுக்கு மேல் ஒரு நாள் பேரன் கேட்டான்: "ஆச்சி, ஒன் காதை யாரு கடிச்சா?" எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். சில நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏளா, காதைத் தைக்கதுக்கு ஆஸ்பத்திரி இருக்காமே?"

டாக்டர் இளம்பெண். மடலில் மையால் கோடு போட்டார். மரத்துப்போகும் ஊசி ஏற ஏற மடல் புடைத்து, நிறம் வெளுத்தது. கத்தியை எடுத்தபோதுதான் பெரியம்மா கேட்டாள்: "ஆறிக் கெடக்கதை எதுக்குத் தாயி மறுபடி அறுக்கே?"

"ஆறுனதுனாலதான் ஆச்சி ஒட்ட மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் பச்சையாக்குனாத்தான் ஒட்டும்."

ஆறிய விளிம்பின் தோலை இரண்டு பக்கமும் மெல்லிய நாடாவாகச் சீவி எடுத்தார். அதுவரை வழுவழுப்பாக, யாரோ தீர்மானமாக முடித்துவைத்தது போலிருந்த விளிம்புகளில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. தொங்கிய உபரிச் சதையை வெட்டிக் கழித்து, மிஞ்சியதை மேலே தூக்கி உருட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நைலான் இழையால் தைத்தார். நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கும்போது மடலின் நுனியில் பள்ளம் விழும், அதனால் சில காதுகளில் வெட்டுக்கோட்டைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வதும் உண்டு என்றார். ஒரு காதுக்கு அரை மணி நேரம் பிடித்தது. "வலி தெரியலளா, கத்திரிச் சத்தம்தான் கேக்கு" என்றாள் பெரியம்மா. காதிலேயே நடக்கிற அறுவையில் அந்தச் சத்தத்தை மட்டும் மரக்கவைக்க முடியாது.

விளிம்பைப் பச்சையாக்கித்தான் ஒட்ட வேண்டும் என்று பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதரும் சொன்னார். காது குத்துவதற்கும் ஒட்டுவதற்கும் என்றே அவருடைய நூலில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வளர்த்துப் பெரிதாக்கிய காது இரண்டாகக் கிழிந்துபோவதைச் சொல்லி, அதைச் சேர்க்க 15 முறைகளை அடுக்குகிறார். மடலே இல்லாமல் போனவருக்குக் கன்னத்துச் சதையைச் சீவி, வேரோடு திருப்பி ஒட்டச் சொல்கிறார். விளிம்பைச் செதுக்கி, மேடு பள்ளமில்லாமல் பொருத்தி, தேனும் நெய்யும் தடவி, பஞ்சும் துணியும் வைத்து, இறுக்கமும் தளர்வும் இல்லாமல் நூலால் கட்டி, சுட்ட மண்ணோட்டின் பொடியைத் தூவ வேண்டும். அதன்பின் காதைத் தட்டக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, நெருப்பருகே போகக் கூடாது. அலுக்கும் அளவுக்குப் பேசவும் கூடாது. மருந்தும் இழையும் மாறிவிட்டன. சேர வேண்டுமானால் விளிம்பு பச்சையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

உடம்பு காயத்தைப் பார்த்தவுடன் செய்வது மூடுவதுதான். கிருமி நுழையக் கூடாது, ரத்தம் போகக் கூடாது, உயிர் பிழைக்க வேண்டும். பழைய உருவம் அதற்கு ஒரு பொருட்டில்லை. கிழிந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியே மூடி, வேலை முடிந்தது என்று போய்விடும். அந்த முடிவை நாமும் ஏற்றுக்கொள்கிறோம், வலி நின்றதும் சரியாகிவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் ஆறுவது வேறு, சேர்வது வேறு. ஆறுவது தன்னால் நடக்கும். சேர்வதற்கு ஒருவர் ஆசைப்பட வேண்டும், இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், மூடிக்கிடந்த விளிம்பு திரும்ப ரத்தம் கசிய வேண்டும். காலம் இங்கே உதவாது. காலம் ஆகஆகத் தனித்தனியாக ஆறியது இன்னும் உறுதியாகத் தனித்தனியாகவே நிற்கும்.

தையல் பிரித்துவிட்டு வரும் வழியில், பாம்படம் கழன்ற நாளைப் பற்றிப் பெரியம்மா பேசினாள். எந்த ஆசாரி வந்து கழற்றினார், கழுத்தில் இடிக்காத அந்த முதல் ராத்திரி எப்படித் தூக்கம் வரவில்லை, மகள் கல்யாணத்தில் அழுததில் பாதி எதற்காக என்று. அந்த வீட்டில் அது எல்லாரும் அறிந்த, யாரும் பேசாத விஷயம். கொடுத்தவளும் வாங்கிக்கொண்டவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஆறிப்போயிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் மூத்த மகளிடமும் அதைச் சொன்னாள். அக்கா அன்று கோபப்பட்டாள், அழுதாள், இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்டாள். அடுத்த வாரம் தானே புறப்பட்டு வந்து பத்து நாள் தங்கினாள்.

ஆகையால்தான், காது தைக்க வரும் பெண்ணிடம் "இந்த வயசுல எதுக்கு?" என்று யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. இதை அழகுக்கான செலவு என்று ஒதுக்கிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. குடும்பத்தின் பாரத்தைச் சுமந்து கிழிந்த காதை, செலவில்லாமல் அவள் ஊருக்குப் பக்கத்திலேயே தைத்துக் கொடுக்க வேண்டும். அது எட்டாத தூரத்தில் இருப்பதால்தான் தெருமுனையில் "ஆபரேஷன் இல்லாமல் காது ஒட்டப்படும்" என்று பலகை தொங்குகிறது. பல இடங்களில் அங்கே தடவுவது அமிலம். விளிம்பைப் பொசுக்கிப் பச்சையாக்கி ஒட்டவைக்கிறார்கள். கை தவறினால் மடல் வெந்துவிடும். ஒட்டினாலும் உறுதி இருக்காது.

தைத்த காதில் இரண்டு மூன்று மாதம் எதுவும் போடக் கூடாது. புதுத் துளையையும் தழும்பின் மேலேயே போடாமல் கொஞ்சம் தள்ளித்தான் போட வேண்டும், அந்த இடத்துக்குப் பழைய வலு வராது. பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னபடி செய்தாள். துளை போட்ட அன்று மருமகள் தன் ஜிமிக்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அதை நீயே போடு" என்று தள்ளிவிட்டு, பொட்டளவு கல் வைத்த தோட்டை எடுத்துக்கொண்டாள் பெரியம்மா. பிறகு மருமகளின் காதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒனக்கும் ஓட்டை நீளுது. இன்னைலருந்து ராத்திரி கழத்தி வச்சிட்டுப் படு."