மலைவாசமும் மனக்கவலையும்

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் யாவும் இன்பத்தை விரும்பித் துன்பத்தை வெறுக்கும் இயல்பின என்பது கற்றார்க்கும் கல்லாதார்க்கும் ஒப்ப முடிந்ததோர் உண்மையாம். ஆயினும், துன்பம் எங்கிருந்து வருகின்றது என்று ஆராயாது, அது நீங்குதற்பொருட்டு ஓரிடத்தை நாடி ஓடுதல் மக்கள் வழக்கமாயிற்று. வேலைப் பளுவினாலும், பொருள் முட்டினாலும், குடும்பப் பூசலினாலும், ஓயாது ஒலிக்கும் கைப்பேசியினாலும் நெஞ்சு நைந்தவர், சில நாள் மலைமேல் தங்கி வந்தால் மனம் தெளியும் என்று கூறிப் புறப்படுதலை நாம் அடிக்கடி காண்கின்றோம். அங்ஙனம் புறப்படுவார் பலர்க்கும் பழனிமலைத் தொடர் அண்மையிலுள்ள புகலிடமாம். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையேறிக் கொடைக்கானலை அணுகுங்கால், நகரை எய்துமுன் எதிர்ப்படுவது செண்பகனூர். பெயரிலேயே செண்பகத்தின் மணம் கமழும் அவ்வூரின் குளிர்காற்று முகத்திற் பட்டவுடன், கவலை பாதி தீர்ந்தது என்று கருதாதார் அரியர்.

அக்கருத்து உண்மையோ, மயக்கமோ? இடமாற்றத்தினால் நோய் தீருமாயின் எந்நோய் தீரும்? தீராதாயின் அதற்கு மருந்து யாது? இவற்றைச் சித்தாந்த நெறி நின்று சிறிது ஆராய்வாம்.

இடமாற்றத்தினால் நோய் தீருதல் உண்டு என்பதனை யாம் மறுத்திலம். அம்மலையின் வரலாறே அதற்குச் சான்றாம். 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்பார் அம்மலைத் தொடரை அளந்து சென்றனர். 1845-ஆம் ஆண்டில், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் கொடைக்கானலில் முதன்முதலாக இல்லங்கள் அமைத்தனர். சமவெளியில் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் தம்மவர் பலர் மாண்டமையே அவரை மலையேறச் செய்தது. மலேரியாக் காய்ச்சலைக் கொசுவே பரப்புகின்றது என்பதனை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897-ஆம் ஆண்டில் இந்நாட்டிலிருந்தே மெய்ப்பித்தார். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், கடுங்குளிரின்கண், அக்கொசு பெருகுதல் அரிது. எனவே, மலையேறினார் பிழைத்தது வெறுங் கற்பனையன்று; நோயின் காரணம் இடத்திலிருந்தது; இடத்தை விட்டார்; நோய் விட்டது. நம் நூலோர் துன்பத்தை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவகைப்படுத்துவர். வெப்பம், குளிர், காற்று முதலிய பூதங்களால் வருவதாகிய ஆதிபௌதிகத்திற்கு இடமாற்றம் ஓரளவு மருந்தாதல் கூடும்.

ஆனால், உள்ளத்தை இடமாகக் கொண்டெழும் ஆதியான்மிகத் துன்பத்திற்கு அஃது எங்ஙனம் மருந்தாகும்? கொசு மலையேறாது, கவலையோ நம்மோடு உடனேறும்.

இக்காலத்தார் 'ஸ்ட்ரெஸ்' என்றும் மனவழுத்தம் என்றும் வழங்குவது இக்கவலையின் நீண்ட நிலையையேயாம். ஹான்ஸ் செலியே என்னும் ஆராய்ச்சியாளர், கனடா நாட்டு மான்ட்ரியல் நகரிலிருந்து, 1936-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவிறந்து ஓடச் செய்தாலும், நஞ்சூட்டினாலும், அவற்றின் உடலில் தோன்றிய மாறுதல் ஒருபடித்தாகவே இருந்தது என்பது அதன் சாரம். சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி பருத்தது. வயிற்றிற் புண் தோன்றியது. மாந்தர்க்கும் இடர் எதிர்ப்பட்டவிடத்து அச்சுரப்பி சில நீர்களைக் குருதியிற் கலப்பிக்க, நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சு மேலெழுகின்றது, செரிமானம் தளர்கின்றது. புலி எதிர்ப்பட்டால் ஓடித் தப்புதற்கு இது பெரிதும் உதவும். ஆனால், புலியில்லாத வீட்டில், நாளை வரவிருக்கும் கடன்காரனை நினைந்து இரவெல்லாம் உடல் இங்ஙனம் போர்க்கோலம் பூண்டிருப்பின், உறக்கம் கெடும்; குருதியழுத்தம் மிகும்; நோயெதிர்க்கும் வலியும் குன்றும். உடலை வருத்துவது வந்த இடர் மட்டுமன்று. வாராத இடரையும் உள்ளம் வந்ததாகப் பற்றிக் கொள்ளுதலேயாம்.

அமைதி நாடி மலையேறுவாரின் நிலையையும் ஈண்டு நோக்குக. வண்டி நெருக்கம் மிகுந்தமையால், சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்வார் இ-பாஸ் பெறல் வேண்டுமென ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய, வாரநாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளுமே அங்குச் செல்லலாம் என்று அந்நீதிமன்றம் வரையறையும் செய்தது. கவலையை விட்டு வரச் சென்றவர், வளைவுதோறும் வண்டிக்குள் அமர்ந்து கவலையே வளர்ப்பாராயின், அது மலையின் குற்றமன்று.

இனிச் சித்தாந்தம் கூறுவதைக் காண்பாம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணங்கள் நான்கு. இவை ஆன்மாவாகா; ஆன்மாவுக்குக் கருவிகளே. மனம் ஒன்றைப் பற்றி ஐயுறும். சித்தம் அதனையே சிந்திக்கும். அகங்காரம் 'யான் இதனைச் செய்வேன், எனக்கு இது நேரலாமோ' என்று முனைந்தெழும். புத்தி இதுவே எனத் துணியும். சிவஞானபோத நான்காஞ் சூத்திரம், ஆன்மா இக்கருவிகளோடு கூடி நிற்கும் நிலைக்கு அமைச்சரோடு கூடிய அரசனை உவமையாக்கிற்று. அமைச்சர் கொணர்ந்த செய்தியை அரசன் ஆராய்ந்து ஆணையிடல் முறை. ஐயுறும் அமைச்சன் நள்ளிரவில் வந்து பகைவன் வந்தான் என்று கூவியவுடன், அரசன் ஆராயாது முரசறையப் பணித்தல் முறையன்று. கவலையாவது அங்ஙனம் ஓயாது அறையப்படும் முரசமேயாம். 'என் மனம் கலங்குகின்றது' என்று கூறுவான், அக்கூற்றினாலேயே மனம் வேறு, தான் வேறு என ஒப்புகின்றனன். இவ்வேற்றுமையை உணர்தலே சிகிச்சையின் முதற்படி என்க.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பதும் நம் நூற்றுணிபு. படிகம் செந்நிறப் பொருளைச் சாரின் செந்நிறமாகவும், கருநிறப் பொருளைச் சாரின் கருநிறமாகவும் தோன்றும். ஆதலின், மாற்ற வேண்டுவது இடமன்று, சார்பேயாம். மதுரையிற் பாசத்தைச் சார்ந்திருந்த உயிர், செண்பகனூரிலும் பாசத்தையே சாருமாயின், ஆண்டும் அதன் நிறம் அதுவே. கைப்பேசியை மலைமேலும் கண்ணுக்கு நேரே பிடித்திருப்பான் மலையைச் சார்ந்தவனாகான்.

இன்னுமோர் நுட்பம் ஈண்டு அறியற்பாலது. பிராரத்தமாய் வந்த வினைப்பயனை உயிர் நுகருங்கால், அந்நுகர்ச்சியின்கண் விருப்பு வெறுப்புக்களால் முனைந்து ஈட்டுவது ஆகாமியம். மழை பொய்த்தது, விளைவு குறைந்தது, இது வந்த துன்பம். 'என்னை இப்படிச் செய்தானே' என்று அயலானைச் சினந்து, உண்ணாது உறங்காது, மனைவி மக்களையும் வைது கழித்த ஒரு திங்கள், நாம் வருவித்த துன்பம். கவலையின் பெரும்பகுதி இப்பின்னையதே. முன்னையதை நுகர்ந்தே கழித்தல் வேண்டும். பின்னையதை ஈட்டாதிருத்தல் இறைவன் திருவருளைத் துணைக்கொண்டு நம்மால் இயலும்.

அற்றேல், எல்லாம் வினையின்படி என்று வாளாவிருத்தல்தானே சைவர்க்கு முறை என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? திருஞானசம்பந்தப் பெருமான் கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது, அடியார்களைக் குளிர்சுரம் பற்றி வருத்திற்று. அஃது அந்நாட்டின் இயல்பு என்று கூறப்பட்டது. பிள்ளையார் 'இது நாட்டின் இயல்பு, ஆதலின் இந்நாட்டை விட்டேகுவீர்' என்றாரல்லர். 'இது நும் வினை, ஆதலின் கிடந்து வருந்துக' என்றாருமல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்து, அடியாரோடு அந்நாட்டாரின் பிணியையும் ஒருங்கே போக்கினார். வினையுண்டு என்று அறிந்தும், அதனினின்று உய்யும் வழியை நாடாதிருத்தல் குற்றம் என்பதே அப்பதிகத்தால் நாம் பெறும் உபதேசம். ஆகவே, மனநோயுற்றாரை நோக்கி 'பத்தி குறைந்தமையால் வந்தது' என்றும், 'வினை' என்றும் கூறி அகலுதல் சைவமன்று, கொடுமையாம். வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவு வெறுத்து, உயிர்வாழ்க்கையே சுமையெனக் கருதும் நிலை வந்தால், தாழாது மருத்துவரை அடைதல் வேண்டும். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் பேசலாம். மருந்தும் மாயையின் காரியமே. உடலும் மாயையின் காரியமே. இரண்டையும் கூட்டுவிப்பது திருவருளே என்றறிக.

இனி, அகத்தே கொள்ளற்பாலதாகிய மருந்து யாது? திருநாவுக்கரசு சுவாமிகளை நினைமின்! பல்லவ மன்னன் ஏவலால் ஏழுநாள் நீற்றறையில் அடைபட்டிருந்த அப்பெரியார், ஆண்டு நுகர்ந்தது இறைவன் திருவடி நிழலின் தண்மை. மலையின் குளிர் உடலைத் தொடும். அத்தண்மை உயிரைத் தொட்டது. அவர் சார்பு மாறாமையின், இடம் அவரை மாற்றிற்றிலது. நாம் அந்நிலைக்கு மிகச் சேயராயினும், அவர் நடந்த வழியின் முதலடியை வைத்தல் நமக்கும் இயலும். அவ்வழி, சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றலேயாம். 'யான் செய்கின்றேன்' என்னும் முனைப்பு அடங்கி, 'அவன் பணி என் கையில் நிகழ்கின்றது' என்று நின்றவிடத்து, வேலை குறையாது. அதன் சுமை குறையும்.

நாடோறும் செய்தற்பாலன சிலவற்றைத் தொகுத்துரைப்பாம். முதலாவது, வைகறையில் எழுந்து, நீராடி, நீறணிந்து, கைப்பேசியைத் தொடுமுன் திருவைந்தெழுத்தை நினைத்தல். நெடிது மூச்சுவிட்டு மெல்லக் கணித்தலால், நெஞ்சின் விரைவு தணிதலை உடலாராய்ச்சியாரும் ஒப்புவர். ஐந்தெழுத்து உடல்நலத்தின்பொருட்டு ஏற்பட்டதன்று. ஆயினும், திருக்கோயிலில் இறைவன்பொருட்டு ஏற்றிய விளக்கு வழிச்செல்வானுக்கும் ஒளி தருதல்போல, அதன் பயன் உடலிலும் சென்று படியும். இரண்டாவது, கையால் ஒரு தொண்டு. அப்பரடிகள் உழவாரப்படை ஏந்தியதை நினைந்து, திருக்கோயில் முற்றத்தை ஒருநாழிகை செதுக்குக. உடலுழைப்பு உறக்கத்தைத் தரும். மூன்றாவது, இரவில் தன்னைத் தானே ஆராய்தல். இன்று வந்த துன்பம் எது, நான் வருவித்த துன்பம் எது எனப் பிரித்துணர்க. 1895-ஆம் ஆண்டில் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய சேசு சபைத் துறவியருக்கும், நாளிருமுறை தம்முள்ளத்தைத் தாமே ஆராயும் நியமம் உண்டு. மலையில் வாழப் புகுந்த அவரும் குளிரொன்றையே நம்பியிருந்தாரல்லர் என்பது கருதத்தக்கது. நான்காவது, அளவான உணவும், நேரத்து உறக்கமும், அடியாரோடு அளவளாவுதலும். தனித்திருந்து கவலுவான் கவலை இரட்டிக்கும். அடியார் கூட்டத்திற் சொல்லிய கவலை பாதியாகும்.

மடங்களையும் கோயில்களையும் நடத்தும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். மோட்டார்ப் பாதை அமையாத நாளில், இளைப்பாற மலையேறியவருட் பலர் டோலியில் அமர்ந்து சென்றனர். அவரைச் சுமந்தவர் தோள் இளைப்பாறிற்றில்லை. நம் அமைதியும் அத்தகையதோ என்று உசாவுதல் வேண்டும். தலைவர் சமாதியில் அமர்ந்திருக்க, குறைந்த ஊதியம் பெறும் ஓதுவாரும், மடைப்பள்ளியாரும், கணக்கரும் வாடகைக்கும் மருந்துக்கும் ஏங்கி உறக்கமிழப்பாராயின், அச்சமாதி பிறர் தோள்மேல் ஏறிய டோலியேயாம். அடியாரைச் சிவனெனவே கண்டு வழிபடுக என்பது சித்தாந்தத்தின் முடிந்த முடிபாதலின், பணியாளர்க்கு உரிய ஊதியமும், ஓய்வு நாளும், இன்சொல்லும் அளித்தல் மாகேசுர பூசையின் ஓருறுப்பே என்று யாம் துணிந்து கூறுவோம். உபதேசத்தால் தீராத கவலையும் உண்டு. அது நீதியினாலேயே தீரும்.

கொடைக்கானலில் பழனிப்பதியை நோக்கிய மலைவிளிம்பிலே குறிஞ்சியாண்டவர் திருக்கோயில் விளங்குகின்றது. யாழ்ப்பாணத்துச் சைவப் பெருமகனார் சர். பொன்னம்பலம் இராமநாதனவர்களின் வாழ்க்கைத் துணைவியாரும், ஆஸ்திரேலிய நாட்டிற் பிறந்து சைவம் தழுவியவருமாகிய லீலாவதி அம்மையார், 1936-ஆம் ஆண்டில் அதனை எடுப்பித்தனர். கணவனாரை 1930-இல் இழந்த அம்மையார் மலையிற் கண்டது குளிர் மட்டுமன்று, குறிஞ்சிக்கிழவனையும் கண்டனர், கண்டு, பிறரும் காணக் கோயிலெடுத்தனர். மலையேறுவார் கொள்ளற்பாலதாகிய சார்பு இதுவே. அம்மலையிற் குறிஞ்சி பன்னீராண்டிற்கொருமுறை மலரும். 2018-இல் மலர்ந்தது, இனி 2030-இல் மலரும். இடைப்பட்ட ஆண்டுகளில் அச்செடி வாளாவிருப்பதன்று; வேரூன்றி, வெயிலும் பனியும் ஏற்று, மலர்தற்குரிய பக்குவத்தை எய்துகின்றது. மலபரிபாகமும் அத்தகையதே. ஒருவார மலைவாசத்தில் உள்ளம் தெளிந்திலதே என்று கவலுதலும் ஒரு கவலையே.

ஆதலின், மெய்யன்பர்காள்! மலையேறுக, குளிர்காற்றை நுகர்க, உடல் தேறுக. ஆயினும், இறங்கி வருங்கால் உடன்வரத்தக்கதொன்றை ஆண்டுப் பெற்று வருக. அது திருவடிச் சார்பேயாம். அச்சார்பு வாய்த்தார்க்கு அலுவலகமும் அடுக்களையும் செண்பகனூரேயாகும். அதனை எல்லாம்வல்ல சிவபெருமான் யாவர்க்கும் அருளுவானாக.

திருச்சிற்றம்பலம்