சவுலின் கையிலிருந்த ஈட்டி



திருவிழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒரு பங்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கொடி யார் ஏற்றுவது, நவநாளில் எந்த நாள் எந்த அன்பியத்துக்கு, தேர்ப்பவனி எந்தத் தெரு வழியாக என்பதெல்லாம் ஒரு மாலைக்குள் பேசி முடிந்துவிடும். முடியாமல் இழுப்பது பெயர் வரிசைதான். யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்தது, போன வருடம் மேலே இருந்தவர் இந்த வருடம் ஏன் கீழே. ஒரு வரி இடம் மாறியதற்காக, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் இரண்டு குடும்பங்கள் அடுத்த கொடியேற்றம்வரை முகம் பார்க்காமல் போனதைப் பெரியவர்கள் பலர் பார்த்திருக்கிறீர்கள். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. மதிக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம் எல்லாருக்கும் உண்டு. அதை நமக்குள் வைத்தவரும் கடவுளே. அது எந்த இடத்தில் அதிகார ஆசையாகத் திரிந்து நம்மைக் கெடுக்கத் தொடங்குகிறது? ஆண்டவர் முன்னால் அமர்ந்து இன்று நிதானமாகக் கேட்டுப் பார்ப்போம்.

சற்றுமுன் மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கக் கேட்டோம். எருசலேமுக்குப் போகும் வழி. தமக்கு வரப்போகும் கசையடியையும் சாவையும் இயேசு மூன்றாவது முறையாகச் சொல்லி முடித்திருக்கிறார். உடனே யாக்கோபும் யோவானும் வந்து, அவருடைய மாட்சியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் தங்களுக்கு வேண்டும் என்கிறார்கள். கேட்டவர் அவர்களுடைய தாய் என்று மத்தேயு எழுதுகிறார். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல இடம் கிடைக்காதா என்று அலையும் தாயைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது. ஆண்டவர் தம் துயரத்தைச் சொல்லும் நேரத்தில் இப்படிக் கேட்கிறார்களே என்று வந்த கோபமாக அது எனக்குத் தெரியவில்லை. இவர்கள் முந்திக்கொண்டார்களே என்ற கோபம்தான். இறுதி இராவுணவிலும் யார் பெரியவர் என்று அவர்கள் வாதாடியதை லூக்கா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த ஆசையை வளரவிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க, சாமுவேல் முதல் நூலை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். 9ஆம் அதிகாரத்தில் சவுல் அறிமுகமாகிறார். பென்யமின் குலத்து இளைஞர். காணாமற்போன தகப்பனாரின் கழுதைகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். ஆள் உயரம், மற்ற எல்லாரையும்விடத் தலை ஒன்று மேலே தெரியும். மனமோ தாழ்ந்திருக்கிறது. இஸ்ரயேலின் மிகச் சிறிய குலம் எங்களுடையது, அதிலும் சிறியது எங்கள் குடும்பம் என்று இறைவாக்கினர் சாமுவேலிடம் தயங்குகிறார். அரசரை மக்களுக்கு அறிவிக்கும் நாளில் ஆளைக் காணோம். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்திருந்தவரை ஓடிப்போய் அழைத்து வருகிறார்கள். சிலர் அவரை ஏளனம் செய்தபோது பேசாமல் பொறுத்துக்கொண்டார். யாபேசு கிலயாது மக்களின் வலக்கண்களைப் பிடுங்குவதாக அம்மோனியன் நாகாசு மிரட்டினான். வயலிலிருந்து எருதுகளை ஓட்டி வந்துகொண்டிருந்த சவுல், சேதி கேட்டதும் படை திரட்டிப் போய் அந்த ஊரை மீட்டார். ஏளனம் செய்தவர்களைக் கொன்றுவிடலாம் என்று மக்கள் ஆர்ப்பரித்தபோது, இன்று ஒருவரும் சாகக்கூடாது என்று தடுத்தவரும் அவரே. எவ்வளவு நல்ல மனிதர், பாருங்கள்! கெட்டவர் ஒருவர் அரியணை ஏறிய கதை அல்ல இது.

அன்புக்குரியவர்களே, கறையான் கதவை அரிக்கும்போது வெளியே பூசிய வண்ணம் அப்படியே இருக்கும். சவுலின் உள்ளம் அப்படித்தான் அரிபட்டது. அமலேக்கியரை வென்று திரும்பும் வழியில் கர்மேலில் தமக்கென்று ஒரு நினைவுத்தூண் நிறுத்தினார். பெரிய குற்றமா? யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு சாமுவேல் வந்து, கடவுளின் சொல்லை நீர் தள்ளிவிட்டீர் என்று நேருக்கு நேர் சொன்னபோது சவுல் பாவத்தை ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நின்றுவிடுகிறது. பாவம் செய்துவிட்டேன் என்று சொன்ன அதே வாயால், என் மக்களின் மூப்பர்கள் முன்னிலையில் என்னை மதித்து என்னோடு வாரும் என்றும் மன்றாடுகிறார். கடவுள் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைவிட, அந்த மூப்பர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு முக்கியமாகிவிட்டது. சவுல் விழுந்த இடம் போர்க்களமல்ல, இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதியே இல்லை. கோலியாத்தை வீழ்த்திவிட்டு தாவீது திரும்பி வருகிறார். பெண்கள் தெருவுக்கு வந்து ஆடிப் பாடும்போது சவுல் கொன்றது ஆயிரம் என்றும் தாவீது கொன்றது பதினாயிரம் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து சவுலின் கண் தாவீதின்மேலேயே இருந்தது. தம் வேதனையைத் தணிக்க யாழ் மீட்டிய அதே பிள்ளையைச் சுவரோடு சேர்த்துக் குத்த ஈட்டியை எறிந்தார். பிறகு தம் சொந்த மகன் யோனத்தான்மீதும் எறிந்தார். 22ஆம் அதிகாரத்தில் கிபயாவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் அலுவலர்கள். கையில் ஈட்டி. எல்லாரும் எனக்கு எதிராகச் சதி செய்கிறீர்கள், என்மேல் இரக்கப்பட உங்களில் ஒருவருமில்லை என்று அங்கே புலம்புகிறார். நாடே தம் கையில் இருக்க, இரக்கத்துக்கு ஏங்கும் மனிதர்! அந்தப் புலம்பலுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே நடுக்கமாக இருக்கிறது. தாவீதுக்கு அப்பம் கொடுத்தார்கள் என்பதற்காக 85 குருக்களைக் கொல்லும்படி ஆணையிட்டார். அரசரின் காவலர்கள் கை ஓங்க மறுத்தார்கள், ஏதோமியன் தோயேகு வெட்டினான். அந்தக் குருக்களின் நோபு நகரில் பால்குடிப் பிள்ளைகளும் தப்பவில்லை. ஒரு காலத்தில் இன்று ஒருவரும் சாகக்கூடாது என்று தடுத்த அரசர் இவர்.

இப்போது நம்மிடம் வருவோம். என் கையில் ஈட்டி எதுவும் இல்லையே என்று தோன்றலாம். மருமகள் வந்த பிறகும் இடுப்பை விட்டு இறங்காத பீரோச் சாவி, குழுத் தலைவி என்ற முறையில் கடன் விண்ணப்பத்தை வேண்டுமென்றே ஒரு வாரம் தள்ளிப்போடும் கையெழுத்து, பாடகர் குழுவில் புதிதாக வந்த பெண்ணுக்குத் தனியாகப் பாட ஒருபோதும் கிடைக்காத வாய்ப்பு, இவற்றையும் யோசித்துப் பாருங்கள். குருக்களாகிய நாங்கள் இதற்கு விலக்கானவர்கள் அல்ல. மக்களுக்காகத் தரப்பட்ட திருநிலையை எங்கள் வசதிக்கான பட்டமாக மாற்றிக்கொள்ளும் சோதனை எங்கள் கதவையும் தட்டுகிறது. எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். எனக்குப் பின் வருபவர் என்னைவிட நன்றாகச் செய்தால் மனமார மகிழ்வேனா? என் இடம் கைமாறும் என்று நினைக்கும்போது எனக்குள் எழுவது நன்றியா, பயமா? பயமென்றால், அதைத் தாங்கிக்கொள்ள யாரை வதைக்கிறேன்?

அதே அரண்மனையில் யோனத்தானும் வளர்ந்தார். பட்டத்துக்கு உரிய பிள்ளை. தாவீது மேலே வருவதால் யாருக்காவது இழப்பு என்றால் முதலில் அவருக்குத்தான். அவரோ தம் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தம் நண்பருக்குக் கொடுத்துவிட்டார். பாலைநிலத்தில் பதுங்கியிருந்த தாவீதைத் தேடிப் போய், நீ அரசனாவாய், நான் உனக்கு அடுத்தவனாக இருப்பேன் என்று தைரியம் சொன்னார். இரண்டாம் இடத்தை யாரும் கேட்காமலே தாமாக எடுத்துக்கொண்டவர். வலமும் இடமும் கேட்ட சீடர்களுக்கு, தொண்டராக இருங்கள் என்று இயேசு சொன்ன பாடத்தை, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டியவர் யோனத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று தனி நாடானது. நீண்ட போருக்குப் பிறகு கிடைத்த விடுதலை. இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை, அதிபர் சல்வா கீருக்கும் அவருடைய துணை அதிபராக இருந்த ரீக் மச்சாருக்கும் இடையே யார் ஆள்வது என்று மூண்ட பகை 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போராக வெடித்தது. சுமார் 4 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிட்டார்கள். இருவரும் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்கள். 2019 ஏப்ரலில் அந்தத் தலைவர்களை வத்திக்கானுக்குத் தியானத்துக்கு அழைத்தார் திருத்தந்தை பிரான்சிஸ். கடைசி நாளில் உரையை முடித்துவிட்டு, 82 வயதில், மற்றவர்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க, சிரமப்பட்டு முழங்காலிட்டார். தரைவரை குனிந்து கீரின் காலணியையும் மச்சாரின் காலணியையும் உடனிருந்த மற்றத் தலைவர்களின் காலணிகளையும் முத்தமிட்டார். போரிட்டவர்கள் செய்வதறியாது நின்றார்கள். அடுத்த ஆண்டு கூட்டு அரசு அமைந்தது. ஆனாலும் அந்த மக்களுக்கு இன்னும் அமைதி நிலைக்கவில்லை, 2025இல் மச்சார் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அப்படியானால் அந்த முத்தம் வீணா? வீண் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. யூதாசின் கால்களையும் ஆண்டவர் கழுவினார். இரக்கம் பலன் கிடைக்குமா என்று கணக்குப் பார்த்துக் குனிவதில்லை.

சவுலுக்கும் இரக்கம் கிடைத்தது. ஏன்கேதிக் குகையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது அவரைக் கொல்லவில்லை. இன்னொரு இரவு பாசறைக்குள் நுழைந்து, தலைமாட்டில் குத்தி வைத்திருந்த ஈட்டியையும் தண்ணீர்க் குவளையையும் மட்டும் எடுத்துப் போனார். பிறகு, ஓர் இளைஞனை அனுப்பி ஈட்டியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எதிர்க் குன்றிலிருந்து குரல் கொடுத்தார். தம்மைக் குத்த வந்த ஈட்டியைத் திருப்பித் தருகிற மனம்! கடைசியில் கில்போவா மலையில் சவுலும் அவருடைய பிள்ளைகளும் மாண்டார்கள். பெலிஸ்தியர் அவர்களுடைய உடல்களைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். அது யாபேசு கிலயாது மக்கள் காதுக்கு எட்டியது. அரசராகிய புதிதில் சவுல் யாருடைய கண்களைக் காப்பாற்றினாரோ, அதே ஊர். வலிமைமிக்க ஆண்கள் கிளம்பி இரவு முழுதும் நடந்து, பகைவரின் மதிலிலிருந்து அந்த உடல்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். எலும்புகளை அடக்கம் செய்து 7 நாள் நோன்பிருந்தார்கள். அவர் பிற்காலத்தில் ஆனதையெல்லாம் அவர்களும் கேள்விப்படாமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் அந்த முதல் நன்மையை மறக்கவில்லை. மனிதரே இவ்வளவு நினைவில் வைத்திருந்தால், நம்மைப் படைத்தவர் எவ்வளவு நினைவில் வைத்திருப்பார்! பதவி உங்களைக் கடுமையாக்குவதற்குமுன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வலமும் இடமும் கேட்ட அந்தச் சகோதரர்களையும் ஆண்டவர் விரட்டவில்லை. பன்னிருவரையும் அருகில் அழைத்துப் பேசினார். அரியணை கேட்ட யாக்கோபு திருத்தூதர்களில் முதலாவதாக ஏரோது அகிரிப்பாவின் வாளுக்குத் தம் உயிரைக் கொடுத்தார். ஆண்டவர் கையிலெடுத்தால் ஆசையும் இப்படி உருமாறும்.

இந்த மாதத்தோடு பங்குப் பேரவையின் பதவிக்காலம் முடிகிறது. பொறுப்பிலிருந்து இறங்குகிறவர்களே, கணக்கையும் சாவிகளையும் சிரித்த முகத்தோடு ஒப்படைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் குடும்பத்தோடு வந்து உட்காருங்கள், நீங்கள் எங்களுக்கு வேண்டும். பெயர் வரிசையால் பேச்சு நின்றுபோன வீடுகள் இருந்தால் இந்த வாரத்திலேயே ஒருவர் போய்க் கதவைத் தட்டுங்கள், மற்றவர் திறந்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து ஒப்புரவு அருளடையாளத்துக்காக நான் கோவிலில் இருப்பேன். பக்கத்துப் பங்குத் தந்தையையும் வரச்சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், என்னிடம் சொல்லக் கூச்சமாக இருப்பவர்கள் அவரிடம் போகலாம்.