உள்ளே விட்ட துணி

ஐப்பசி. கொடைக்கானல் மலையில் மூன்று நாளாகப் பெருமாள் சிகரம் கண்ணில் படவில்லை. கொடியில் போட்ட துணியும் காயவில்லை. அடுப்படியில் கயிறு கட்டி, சின்னவனின் பள்ளிக்கூடச் சட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். நாளைக்கு அவன் வகுப்பில் புகை வாசத்தோடு உட்காருவான்.

"காட்டன் காட்டன்னு வாங்குற. இங்க அது காயறதுக்குள்ள பரீட்சையே வந்துரும்மா" என்கிறாள் மகள். அவள் போனில் பார்த்து வரவழைத்த பாலியெஸ்டர் சட்டை ஒரே ராத்திரியில் காய்ந்து, மடித்து வைத்தாகிவிட்டது.

என் அம்மா சமவெளிக்காரி. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று அவள் சொன்னதை மலைக்குக் கட்டிக்கொடுத்தபோது கூடவே எடுத்துவந்தேன். அது வெயிலுக்குச் சொன்ன வார்த்தை. மழைக்கு வேறு வார்த்தை உண்டு என்பதை மகள் சொல்லித்தான் யோசிக்கிறேன்.

*

"அக்கா, ஜங்ஷன்ல நிக்கிறேன். வீடு மேலயா, கீழயா?"

சரியான கேள்வி. இந்த ஊரில் வீட்டுக்கு முகவரி அவ்வளவுதான். போனில் இருக்கும் வரைபடம் எங்கள் வீட்டைப் பக்கத்துக் காபித் தோட்டத்தின் நடுவில் காட்டும். குடையை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன்.

பொட்டலத்தை நீட்டிய பையனின் விரல்கள் விறைத்திருந்தன. ஜெர்கின் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முதுகுப் பையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பொட்டலங்கள். "டீக்கு நான் குடுக்கறேன் தம்பி" என்றேன். "குடிச்சிட்டேங்க்கா, இன்னும் அடுக்கம் ரோட்டுல ரெண்டு வீடு இருக்கு" என்று வண்டியை உதைத்தான்.

துணி எடுக்க நாங்கள் மலை இறங்கிய காலம் ஒன்று உண்டு. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு போவோம். இப்போது துணி மலை ஏறி வருகிறது. ஏறுகிற சிரமம் எங்கேயும் போய்விடவில்லை. அந்தப் பையனின் விரல்களுக்குப் போயிருக்கிறது.

*

எங்கள் ஜங்ஷனில் ஒரு சாலை பழநிக்கு இறங்குகிறது, இன்னொன்று வத்தலக்குண்டுக்கு. சின்னவனுக்கு வந்த பனியனின் கழுத்துப் பட்டையில் திருப்பூர் என்று இருந்தது. பழநி, தாராபுரம் வழியாகப் போனால் ஒரு பகலுக்குள் எட்டிவிடும் ஊர். இந்தப் பனியனோ பெங்களூர்ப் பக்கம் ஒரு கிடங்குக்குப் போய், அங்கிருந்து கோயம்புத்தூர், மதுரை என்று சுற்றி, ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் போன் தகவல் சொன்னது. காசிக்குப் போனவர் கடிதம் போட்ட மாதிரி.

விலை 199 ரூபாய். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கணக்குப் போட்டால் மனசு கனக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன கதையை அப்போது பேப்பரில் படித்தேன். மலிவான நிறத்துக்கு ஒரு நதி விலை கொடுத்திருக்கிறது. ஆனாலும் பனியன் நன்றாக இருக்கிறது. அவனுக்குப் பொருந்தியும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

*

கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு. பொட்டலங்களின் பிளாஸ்டிக் உறைகளை அதில் திணித்து வைத்திருக்கிறேன். எரிக்க மனம் வரவில்லை, எறிய இடமில்லை. கொடைக்கானலுக்குச் சின்னத் தண்ணீர் பாட்டிலோடு ஏறி வருகிறவர்களிடம் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் அறிவித்தார்கள். சரியான காரியம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தால் கதவு முழுசாகத் திறக்கமாட்டேன் என்கிறது.

*

துணி என்றாலே எனக்கு மதுரைப் புது மண்டபம் ஞாபகம் வருகிறது. திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது. என் சின்ன வயசில் அது எனக்குத் தையற்கடைதான். ஆளுயரச் சிற்பங்களின் காலடியில் தையல் மெஷின்கள். மேலே கல்லில் யாளி பல்லைக் காட்டும். கீழே தையற்காரர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு என்னைச் சுற்றித் திருப்புவார்.

அம்மா சொல்லும் வாசகம் ஒன்றே ஒன்று: "வளர்ற பிள்ளை. உள்ள துணி விட்டுத் தைங்க."

பாவாடையின் அடியில் மூன்று மடிப்பு. வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்பாள். பிரித்த இடத்தில் வெயிலே படாத துணி வெளியே வரும். மேலே வெளுத்த நீலம், கீழே ஒரு சாண் புது நீலம். நான் எத்தனை வளர்ந்தேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அந்தக் கோட்டை நான் வெறுத்தேன்.

கடைகளைச் சில வருஷங்களுக்கு முன்பு குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான். கல்லுக்கும் மூச்சுவிட வேண்டுமே. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

*

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. காபிப் பழம் எடுத்துக் காசு பார்க்க மார்கழி, தை ஆகிவிடும். இந்த இடைவெளியை நிரப்பியவர் ஜவுளிக்கடைக்காரர். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, "காப்பி எடுத்துட்டுக் குடுங்கம்மா" என்பார். போனில் அப்படிச் சொல்ல ஆளில்லை. தவணைக்குத் தருகிறேன் என்று அதுவும் கேட்கிறதுதான். காபி பழுத்ததா என்று அதற்குத் தெரியாது.

நியாயமாக இதையும் எழுத வேண்டும். அந்த நோட்டில் பெயர் இருந்ததால், அவர் எடுத்துப் போட்டதைத்தான் நாங்கள் உடுத்தினோம். பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வந்ததில்லை. கடன்பட்டவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் உரிமை கொஞ்சம் குறைச்சல்.

*

"இன்னும் 2 மட்டுமே மீதம்" என்று போனில் சிவப்பெழுத்தில் வந்தது. அவசரமாக அமுக்கப்போனேன். மகள் தடுத்தாள். "அது சும்மாம்மா. நாளைக்கும் ரெண்டுதான் இருக்கும்."

இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது என்று 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்திருக்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. "கடைசிப் பீஸும்மா, இதே சேலையை இப்பத்தான் ஒரு டாக்டரம்மா எடுத்துட்டுப் போனாங்க" என்று சொல்லாத ஜவுளிக்கடை எது? ஆனால் கடைக்காரர் சொல்லும்போது முகத்தைப் பார்ப்பேன். பொய் சொல்லும்போது அவருக்கு லேசாக இமை துடிக்கும். சிவப்பெழுத்துக்கு இமை கிடையாது.

*

இரவு. "அம்மா, டேப் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை, புரிந்தது.

அவள் வயசில் உள்ளாடை வாங்குவது எனக்கு ஒரு தண்டனை. அம்மா கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்துவாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, அதிலேயே அளவெடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். பெரும்பாலும் பொருந்தாது. மாற்றப் போகிற தைரியம் இருவருக்கும் இருந்ததில்லை. பொருந்தாததைப் போட்டுக்கொண்டேதான் வளர்ந்தேன்.

என் மகளை அப்படி யாரும் பார்க்க வேண்டியதில்லை. இதற்காக மட்டுமே அந்தப் போனை நான் மன்னித்துவிடலாம்.

கதவு கொஞ்சம் திறந்தது. "பின்னாடி மட்டும் பிடிச்சுக்கோம்மா, எட்டல."

போய்ப் பிடித்தேன். எண்ணை அவளே படித்தாள். பத்து வயசு வரைக்கும் இவள் அளவு என் கையில் இருந்தது. கழுத்திலிருந்து முழங்கால் வரை சாண் வைத்துப் பார்த்தே துணி வாங்கிவிடுவேன். எப்போது அதை மறந்தேன் என்று தெரியவில்லை. முதுகு இத்தனை அகலமாகிவிட்டதா? டேப்பின் நுனியை வேண்டிய நேரத்துக்கு மேல் ஒரு நொடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்மா. விடு."

விட்டேன்.

*

சின்னவனுக்குப் புது கால்சட்டை வேண்டும். போன வருஷம் வரவழைத்ததைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடைகூடத் துணி இல்லை. பிரிக்க ஒன்றுமே இல்லாத தையல். இன்றைய உயரத்துக்கு மட்டும் தைத்தது. கணுக்கால் தெரிய ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிந்தது.

அளவு கேட்டார்கள். ஒரு சைஸ் கூடுதலாகப் போட்டேன். மகளிடமும் சொல்லவில்லை.

*

வந்துவிட்டது. கொஞ்சம் நீளம், நினைத்த மாதிரியே. இடுப்பும் தொளதொளவென்றுதான். எல்லோரும் தூங்கியபின் விளக்கடியில் உட்கார்ந்து, இடுப்பைப் பின்பக்கம் பிடித்துத் தைத்து, அடியில் இரண்டு மடிப்பு மடித்து ஓட்டுத் தையல் போட்டேன். ஊசியில் நூல் கோக்கத்தான் நேரமானது. வெளியே மழை விட்டிருந்தது.

காலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். குனிந்து காலைப் பார்த்தான்.

"சரியா இருக்கும்மா. இந்தத் தடவை ரிட்டர்ன் பண்ண வேணாம்."

"ம்" என்றேன். பெருமாள் சிகரம் பாதி தெரிந்தது. ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனேன்.