கட்டுவிச்சி சொன்னதும் ஆழ்வார் கண்டதும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சில மாதங்களுக்கு முன் நமக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் கடல்கடந்த தேசமொன்றில் நெடுங்காலமாக வாழும் ஒரு ஸ்ரீவைஷ்ணவ அம்மையார். அவருடைய அகத்துக்காரர் பரமபதித்து அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இருவரும் ஒரே நாளில் ஒரே ஆசார்யன் திருவடியில் பஞ்சஸம்ஸ்காரம் பெற்றவர்கள். துக்கம் தாளாதிருந்த வேளையில், உடன் பணிபுரியும் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மறைந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு பெண்ணைக் கைப்பேசித் திரையில் சந்தித்திருக்கிறார். முதலில் கேட்டவையெல்லாம் ஆறுதலாகவே இருந்தனவாம். முடிவில் அப்பெண், "உங்கள் கணவருக்கு இன்னும் சாந்தி கிடைக்கவில்லை, அந்த வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறார், உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை அறிய இன்னும் இரண்டு முறை வரவேண்டும்" என்றாளாம். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் தனி. அன்று முதல் இரவில் விளக்கை அணைக்க முடியவில்லை என்று அம்மையார் எழுதியிருந்தார். இதைக் கேள்வியுற்ற உறவினர் ஒருவர் ப்ரஹ்மாஸ்த்ர நியாயத்தை எடுத்துச் சொல்லி, "உம்முடைய ப்ரபத்தியே நழுவிப்போயிற்று" என்று கடிந்தாராம்.

"அடியாள் கேட்பவை இரண்டு. அவர் எங்கே இருக்கிறார்? அடியாள் கதி என்ன?" இவ்வளவே கடிதம்.

விடை சொல்லும் யோக்யதை நமக்கு உண்டென்று நினைத்து இதை எழுதவில்லை. இக்கேள்விகளுக்கு ஆழ்வார்கள் முன்னமே இடம் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்காட்டுவதே நாம் செய்யக்கூடியது.

குறி கேட்பது தமிழ்நிலத்தில் பழைய வழக்கம். திருமங்கையாழ்வாருடைய சிறிய திருமடலில் அது விரிவாகவே வருகிறது. குடக்கூத்து ஆடியவனைக் கண்டுவந்த பெண்பிள்ளை மேனி வெளுத்து, வளை கழன்று கிடக்கிறாள். தாய் காப்பிட்டுப் பார்க்கிறாள், மாலை நேர்ந்து பார்க்கிறாள், நோய் தணியவில்லை. முதுபெண்டிர் சொற்படி கட்டுவிச்சி வருகிறாள். சுளகில் நெல்லை எறிகிறாள், வேர்க்கிறாள், உடல் விதிர்க்கிறாள், கையை மோந்து பார்க்கிறாள். பிறகு, இது ஆயிரம் திருநாமமுடையவன் செய்த நோய் என்கிறாள். திருமேனியின் கருமையையும் சங்கையும் குறிப்பால் காட்டுகிறாள். உலகளந்தது, மலையெடுத்தது, வெண்ணெய் களவுகண்டு உரலோடு கட்டுண்டது, யானையின் துயர் தீர்த்தது என்று அவன் சேஷ்டிதங்களைச் சொல்லிக்கொண்டே போகிறாள். குறி சொல்ல வந்தவள் வாயில் எம்பெருமானின் சரிதம் முழுதும் வந்துவிடுகிறது.

அதே கட்டுவிச்சி நம்மாழ்வாருடைய திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் பதிகத்திலும் வருகிறாள். அங்கே அவளுக்கு மதிப்பில்லை. அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டு தாய்மார் சிறுதெய்வத்துக்கு வெறியாடுகிறார்கள், கள்ளும் இறைச்சியும் இறைக்கிறார்கள். தலைவியின் தோழி இடைமறிக்கிறாள். இவளுக்கு வந்த நோய், பாண்டவர்க்காகத் தேரோட்டியவன் தந்த நல்ல நோய். நீங்கள் ஆட ஆட இது பெருகுமேயன்றித் தணியாது. மாயனுடைய அடியார்களின் திருவடித்தூளியை இவளுக்கு இடப் பாருங்கள் என்பது அவள் சொல்லும் மருந்து.

ஒரே தொழிலை ஓர் ஆழ்வார் ஏற்றார், மற்றோர் ஆழ்வார் விலக்கினார் என்று இதைக் கொள்ளலாகாது. மடலில் கட்டுவிச்சியின் விரல் எம்பெருமானைக் காட்டிற்று. பதிகத்தில் அது வேறெங்கோ காட்டிற்று. அவளுக்கு உண்மையிலேயே சக்தி உண்டா இல்லையா என்ற விசாரத்தில் இரு ஆழ்வார்களும் இறங்கவே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். சக்தி இருந்தே சொன்னாலும் அவன் பக்கம் திருப்பாத சொல்லால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

கட்டுவிச்சி அந்த ஊர்க்காரி. பெண் தெருவில் ஓடிக் குடக்கூத்துப் பார்த்ததை ஊரே அறியும், அவளும் அறிந்திருப்பாள். சொன்னது பிழைத்தால் மறுநாள் அதே தெருவில் அவள் நடக்கவேண்டும். இன்று திரையில் தோன்றுபவரை நமக்குத் தெரியாது. நாமோ முகநூலில் இட்ட படங்களாலும் இரங்கல் செய்தியாலும் அவருக்கு முன்பே தெரிந்தவர்களாக இருக்கிறோம். ஊரும் சுற்றமும் அருகில் இல்லாத வாழ்க்கையில், இரவு பதினொரு மணிக்கு அழுகையைக் கேட்க ஆளில்லாதபோது, கட்டணம் வாங்கிக்கொண்டாவது ஒருவர் கேட்கிறார். அங்கே போகிறவர்களை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை.

ஆவிகளோடு பேசும் இந்தத் தொழில் இன்றைய வடிவம் பெற்றது அமெரிக்காவில். 1848ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில் மார்கரெட், கேட் என்னும் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்ட கேள்விகளுக்குச் சுவரிலிருந்து தட்டொலிகள் விடைசொல்லின. ஊர் திரண்டது, சில ஆண்டுகளில் அது ஓர் இயக்கமாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888 அக்டோபரில், மார்கரெட் நியூயார்க்கில் ஒரு பேரரங்கின் மேடையேறி, அவ்வொலிகள் தன் கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பியவை என்று செய்தே காட்டினார். அடுத்த ஆண்டு அதை மறுத்தும் பேசினார். ஆயினும் இயக்கம் குன்றவில்லை. முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனை! ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் 1918இல் மகனை இழந்தவர். அவர் ஆவியுலகக் கொள்கையின் பெரிய பிரசாரகரானார்.

அவருக்கும் மேடை வித்தைக்காரரான ஹாரி ஹூடினிக்கும் நட்பு இருந்தது. ஹூடினிக்குத் தாயென்றால் உயிர். 1913இல் அவ்வம்மை காலமானார். 1922இல் அட்லாண்டிக் சிட்டி நகரில், டாயிலின் மனைவியார் ஹூடினியை எதிரில் அமர்த்தி, அத்தாயின் ஆவி தம் கையைக்கொண்டு எழுதுவதாகப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். முதல் பக்கத்தின் தலையில் ஒரு சிலுவை. எழுத்து முழுவதும் ஆங்கிலம். ஹூடினியின் தந்தையார் யூத மதகுரு. தாயாருக்கோ ஆங்கிலம் பேச வராது. எதிரில் அமர்ந்திருந்த மகன் ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை வாங்கிக்கொண்டார். இது தம் தாயின் சொல்லன்று என்று பின்னர் வெளிப்படையாகவே கூறினார். டாயிலின் மனைவியார் ஏமாற்ற எண்ணினார் என்று நாம் நினைக்கவில்லை. தாம் நம்பியதையே எழுதியிருக்கலாம். ஆனால் எழுதியது அவர் மனமே.

இதைப் படித்தபோது அம்மையாரின் கடிதத்தில் ஒரு வரி நினைவுக்கு வந்தது. "அந்தப் பெண் அவர் பேசுவதாகச் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில். அகத்துக்குள் அவர் ஒருநாளும் அடியாளிடம் ஆங்கிலம் பேசியதில்லை" என்று எழுதியிருந்தார். விடை அவர் கையிலேயே இருந்தது. துக்கம் அதைப் பார்க்க விடவில்லை.

"ஆனால் எங்கள் வாழ்க்கையை அப்படியே சொன்னாளே!" என்பதும் கடிதத்தில் உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை நடத்தி, ஒவ்வொருவர்க்கும் அவரவர் குணவிவரணம் என்று ஒரு தாளைத் தந்தார். பொருத்தத்துக்கு ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகமொன்றிலிருந்து எடுத்தது. சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் எந்தத் தம்பதியரிடையே இல்லை?

இதே தராசில் நம் பக்கத்தையும் வைக்கவேண்டும். எல்லாவற்றையும் நம் சாஸ்த்ரங்கள் முன்பே சொல்லிவிட்டன என்று நாள்தோறும் செய்திகள் பகிரப்படுகின்றன. இன்று அச்சில் கிடைக்கும் பவிஷ்ய புராணத்தில் ஆங்கிலேயர் ஆட்சிவரை வருகிறது. அப்பகுதிகள் பிற்சேர்க்கை என்பது ஆராய்ந்தோர் முடிவு. ஸ்ரீபாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், கலியில் தாம்ரபர்ணீ, காவேரீ முதலிய நதிகள் பாயும் த்ராவிட தேசத்தில் பக்தர்கள் பலர் தோன்றுவர் என்று கரபாஜனர் நிமிச் சக்ரவர்த்திக்குச் சொல்கிறார். அதை ஆழ்வார்களைக் குறித்ததாகவே நம் பெரியோர் கொண்டார்கள், நாமும் அப்படியே கொள்கிறோம். ஆனால் அதை ஒரு பந்தயச் சீட்டைப்போல் பிறர்முன் வீசி, பார் பலித்தது என்று மார்தட்டுவது ஆழ்வார்களுக்குப் பெருமை சேர்க்காது. பலித்ததை எண்ணிக் காட்டுவது திரையில் தோன்றும் அப்பெண்ணின் வழி.

அப்படியானால் நம் ஸம்ப்ரதாயத்தில் வருங்காலச் சொல் எதற்காக வந்தது? பவிஷ்யதாசார்யர் வ்ருத்தாந்தத்தைப் பாருங்கள். திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் இரண்டாம் பதிகத்தில் கலி கெடும் என்று ஆழ்வார் மகிழ்ந்து அருளிச்செய்ததை எம்பெருமானாருடைய அவதாரத்தைக் குறித்ததாகப் பெரியோர் நிர்வஹிப்பர். தாம்ரபர்ணீ தீர்த்தத்தைக் காய்ச்சச் செய்து எம்பெருமானார் திருமேனியை மதுரகவிகளுக்குக் காட்டித் தந்தார் என்பதும், பின்னர் அது நாதமுனிகளை அடைந்தது என்பதும் குருபரம்பரை. இன்றும் ஆழ்வார்திருநகரியில் அத்திருமேனியைத் தனிச் சன்னிதியில் சேவிக்கலாம். நாதமுனிகளுக்கு அதனால் கிடைத்தது என்ன? தம் ஆயுளைப் பற்றியோ குடும்பத்தின் க்ஷேமத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. வரப்போகிற ஒருவருக்காகக் காத்துவைக்கும் கைங்கர்யம் கிடைத்தது. அவர் காத்தார், காணவில்லை. உய்யக்கொண்டார் காணவில்லை, மணக்கால் நம்பி காணவில்லை. ஆளவந்தார் பெருமாள்கோயிலில் இளையாழ்வாரைச் சற்றுத் தொலைவில் நின்று கடாக்ஷித்தார், பேசவில்லை. அவர் திருவரங்கம் வந்து சேர்ந்தபோது சரம திருமேனியையே சேவிக்க நேர்ந்தது. எம்பெருமானார் அவதரித்தது 1017இல். அதற்குமுன் தலைமுறை தலைமுறையாக இவர்கள் சுமந்தது தமக்காகக் கேட்ட குறியன்று.

உறவினர் சொன்ன நியாயத்துக்கு வருவோம். அனுமானைக் கட்டிய ப்ரஹ்மாஸ்த்ரம், அரக்கர் அதன்மேல் கயிறும் இட்டபோது தானே நெகிழ்ந்தது. அவ்வாறே வேறு உபாயத்தைப் பொறாது ப்ரபத்தி என்பர். நியாயம் மெய். ஆனால் எட்டு மாதமாகத் தூங்காத ஒருத்தியின் தலையில் அதை எறிந்தது சரியென்று நமக்குத் தோன்றவில்லை. அதே ஸுந்தரகாண்டத்தில் த்ரிஜடையும் இருக்கிறாளே! அவள் கனவும் வருவதுரைத்த கனவுதான். இராவணன் எண்ணெய் பூசிக்கொண்டு கழுதை பூட்டிய தேரில் தென்திசை போவதையும், பெருமாளும் பிராட்டியும் சேர்ந்து எழுந்தருளுவதையும் கண்டாள். கண்டதும் அவள் அரக்கியரைப் பார்த்துச் சொன்னது, பிராட்டியிடம் அபயம் கேளுங்கள் என்பதே. அவர்கள் கேட்கும்முன்பே பிராட்டி காத்தாள் என்று பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் ஈடுபடுகிறார். அந்தந்த நாளில் வைத குற்றம் காயுமுன்பே அரக்கியரைப் பொறுத்தவள், அழுதுகொண்டே தவறிடம் போன தன் மகளை விடுவாளா?

முதற்கேள்விக்கு நாம் எழுதிய விடை, திருவாய்மொழி பத்தாம் பத்தின் ஒன்பதாம் பதிகம். திருவரங்கத்தில் இராப்பத்தின் நிறைவில் நம்மாழ்வார் மோக்ஷம் சேவித்தவர்கள் அதை அறிவர். உடலைவிட்ட அடியவன் போகும் வழியை எம்பெருமான் காட்ட, ஆழ்வார் கண்டு அருளிச்செய்தது அது. மேகங்கள் வாத்யமாக முழங்குகின்றன. கடல்கள் அலைக்கை எடுத்து ஆடுகின்றன. வழியில் தேவர்கள் தங்க இடம் சமைக்கிறார்கள். முனிவர்கள் இருபுறமும் நின்று, வைகுந்தத்துக்கு வழி இது என்று அழைக்கிறார்கள். வாசலில் நிற்பவர்கள், மண்ணில் பிறந்தவர் இங்கே புகுந்தாரே என்று வியக்கிறார்கள். திருவடி விளக்கி உள்ளே அழைக்கிறார்கள். பொற்சுண்ணமும் பூர்ணகும்பமும் மங்கள தீபமும் ஏந்திப் பெண்கள் எதிர்வருகிறார்கள். பதினொரு பாசுரங்களிலும் திரும்பிப் பார்க்கும் இடம் ஒன்றில்லை. ஒரு வீட்டைச் சுற்றிக்கொண்டு நிற்பவர் அங்கே எவரும் இல்லை. ஆசார்ய ஸம்பந்தம் பெற்ற உம்முடைய அகத்துக்காரர் எங்கே என்று கேட்டீர். ஆழ்வார் கண்டது இது, நாம் வேறொன்று அறியோம் என்று எழுதினோம். திருவத்யயனத்தன்று அப்பதிகத்தைச் சேவியுங்கள். அதே நாளில் இங்கே நாமும் சேவிக்கிறோம் என்றும் எழுதினோம்.

திருவத்யயனம் கழிந்து, போன வாரம் பதில் வந்தது. அவருடைய அகத்துக்காரருக்கு அந்தப் பதிகத்தின் நான்காம் பாசுரம் எப்போதும் தடுமாறுமாம். தளிகை உள்ளிலிருந்தபடியே இவர் எடுத்துக்கொடுப்பாராம். "அந்த இடம் வந்ததும் பழக்கத்தால் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் நின்று, அடியாளே எடுத்துக்கொடுத்துக்கொண்டு மேலே சேவித்தேன். சாற்றுமுறை ஆயிற்று. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்."