தொழிலாளி தன் உழைப்புக்குத் தானே விலை கூறுவது எங்ஙனம்?

வேலை முடிந்தது. வீட்டுக்காரர், "எவ்வளவு தரவேண்டும்?" என்று வினவுகிறார். நம் சகோதரர் கருவிப் பையைக் கட்டிக்கொண்டே, "நீங்களே பார்த்துக் கொடுங்கள், ஐயா" என்கிறார். இந்தக் கேள்விக்கும் இந்த மறுமொழிக்கும் இடையே ஓர் அறப்பிரச்சினை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கூலி கணக்கரின் விஷயம், தம்மம் விகாரையின் விஷயம் என்று பிரித்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சம்மா ஆஜீவம் என்னும் நல்வாழ்க்கை முறையை எண்வழிப் பாதையின் ஓர் அங்கமாகக் கொண்ட நாம் அவ்வாறு பிரித்து வைப்பதற்கில்லை.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880 முதல் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் நம் மக்கள் அங்குப் பூமியின் அடியாழத்தில் இறங்கிப் பாடுபட்டனர். கூலியை முதலில் வெள்ளைக்காரக் கம்பெனி நிர்ணயித்தது. 1956க்குப் பின் சர்க்கார் நிர்ணயித்தது. கூலி குறைவென்று நாம் முறையிட்டதுண்டு, போராடியதும் உண்டு. எனினும், "என் ஒரு நாள் உழைப்பின் விலை இது" என்று தனியொருவன் வாய் திறந்து கூறவேண்டிய அவசியம் அங்கு எழவில்லை. சங்கு ஊதியதும் இறங்கினோம். சம்பள நாளில் சீட்டைப் பெற்றுக்கொண்டோம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலே நம் பலருக்குச் சுரங்க வாயிலாயிற்று. நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, பிட்டராயிருந்தவர் மோட்டார் பம்பு பழுதுபார்க்கிறார்; வயர்மேனாயிருந்தவர் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கிறார்; அவர்தம் பிள்ளைகள் வர்ணம் பூசுகின்றனர், குழாய் பொருத்துகின்றனர். இவர்களுள் ஒருவருக்கும் முதலாளி இல்லை. இதனை விடுதலை என்று மகிழலாம். ஆயினும் முதலாளி செய்த ஒரு காரியத்தை, அதாவது கூலி நிர்ணயித்தலை, இப்போது தாமே செய்யவேண்டியவராயினர். அதைச் செய்யும்போதுதான் நா எழவில்லை.

ஏன் எழவில்லை? கூச்சம் என்பர் சிலர். அது பிறவிக் குணமன்று, பழக்கப்பட்ட கூச்சம். நம் முன்னோர் கிராமத்தில் பறையறைந்தனர், சாவுச் செய்தி கொண்டு சென்றனர், செத்த மாட்டை அகற்றினர், இரவில் வயற்காவல் காத்தனர். இவை யாவும் வேலைகளே; ஆனால் இவற்றுக்கு விலை இல்லை. அறுவடைக் களத்தின் ஓரத்தில் நின்றால் மரக்கால் கணக்கில் நெல் விழும். எத்தனை மரக்கால் என்பதைக் கொடுப்பவனே முடிவு செய்வான். விளைச்சல் குன்றினால் குறைப்பான், கோபம் வந்தால் நிறுத்துவான். மராட்டிய நாட்டில் மகார் மக்களை 'வதன்' நிலத்தையும் 'பலூதா' தானியத்தையும் காட்டி, நேர வரையறை ஏதுமின்றி வேலை வாங்கியதும் இவ்வகையதே. பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் அவ்வேற்பாட்டைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அப்போது அது நிறைவேறவில்லை; அவர் மறைந்தபின், 1958இல்தான் அந்தக் கீழ்நிலை வதன்களை ஒழிக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. அம்மசோதாவின் உட்கருத்தை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கிறோம்: வேலைக்கு அளவும் விலையும் இல்லாதவிடத்து, கொடுக்கப்படுவது கூலியன்று, கருணை, கருணையை ஏற்பவன் நிமிர்ந்து நிற்க இயலாது. "பார்த்துக் கொடுங்கள்" என்னும்போது நம் சகோதரர் பெங்களூரின் அடுக்குமாடி வீட்டில் நிற்கவில்லை. பாட்டனாரின் இடத்தில், களத்து மேட்டின் ஓரத்திலேயே நிற்கிறார். சமயம் மாறினோம்; பெயர் மாற்றிக்கொண்டோம்; நா மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

நிற்க. இங்கு ஓர் ஆட்சேபம் எழும். பௌத்தன் கிடைத்ததைக்கொண்டு திருப்தியடைய வேண்டியவனன்றோ, கூலியைக் கணக்கிட்டுக் கேட்பது ஆசையின் செயலன்றோ என்பர். சிகாலோவாத சுத்தத்தில் நல்ல பணியாளன் கொடுத்ததையே எடுத்துக்கொள்பவன் என்று கூறப்பட்டிருப்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அவ்விடத்தை முழுவதும் படித்தல் வேண்டும். கொடுத்ததை எடுத்தல் என்பது திருடாமையைக் குறித்தது. குறைவாகக் கொடுத்தாலும் வாய்மூடியிருத்தலைக் குறித்ததன்று. மேலும், அதற்கு முன்னதாகவே எஜமானனின் கடமைகள் ஐந்தாக வகுக்கப்பட்டுள்ளன. அவன் பணியாளின் சக்திக்கேற்ப வேலை பகிர வேண்டும். உணவும் கூலியும் தரவேண்டும். நோயுற்ற காலத்தில் பேணவேண்டும். அருஞ்சுவைப் பண்டங்களைப் பகிர்ந்தளிக்க வேண்டும். உரிய காலத்தில் ஓய்வு தரவேண்டும். இவ்வைந்தும் நிறைவேறும் வீட்டில்தான் பணியாளனின் அந்த ஒழுக்கமும் பொருந்தும்.

எஜமானன் இல்லாத தொழிலாளிக்கு இவ்வைந்து கடமைகளையும் செய்பவர் யார்? வேறு யாருமில்லை, அவனே செய்துகொள்ள வேண்டும். அரை நாள் வேலைக்கு அழைத்த வீட்டுக்காரர் அடுத்த மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கித் தரப்போவதில்லை. சட்டமும் அவனுக்குத் துணை வருவதில்லை; 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், அதன் இடத்தில் வைக்க 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் வேலைக்கு அமர்த்தியவரையும் அமர்ந்தவரையும் பற்றியவை; தன்னைத்தானே அமர்த்திக்கொண்டவனைப் பற்றியவை அல்ல. ஆதலின் நோய்க்காலமும் ஓய்வும் முதுமையும் அவன் கூறும் விலைக்குள்ளேயே அடங்கியிருத்தல் வேண்டும். அதே சுத்தத்தில் பகவன், சம்பாத்தியத்தை நான்காக்கி, ஒரு பங்கை அனுபவிக்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், ஒரு பங்கை ஆபத்துக்கென்று வைக்கவும் கூறியுள்ளார். நான்காவது பங்கு விலையிலேயே இல்லாதவன் ஆபத்துக்கு எதை எடுத்து வைப்பான்?

கணக்கை நேராகவே போட்டுப் பார்ப்போம். குடும்பச் செலவு மாதம் 18,000 ரூபாய் என்று கொள்வோம். சீசன் டிக்கெட், கைபேசி, தேய்ந்துபோகும் கருவிகள் ஆகியவற்றுக்கு 3,000. நோய்க்கும் முதுமைக்கும் 3,000. ஆக 24,000. நம்மவர் பெரும்பாலோர் செய்வது யாதெனில், முதல் தொகையை மட்டும் எடுத்து முப்பதால் வகுத்து, நாளொன்றுக்கு 600 என்று மனத்தில் குறித்துக்கொள்வது. வேலை முப்பது நாளும் கிடைக்கிறதா? மழை நாள், அழைப்பில்லாத நாள், சாமான் வாங்க அலையும் நாள், வீட்டுக்காரர் "நாளை வா" என்று திருப்பியனுப்பிய நாள் போக, பதினாறு நாள் கிடைத்தால் பெரிது. 24,000ஐப் பதினாறால் வகுத்தால் 1,500. இந்தத் தொகையைக் கேட்டதும் நமக்கே அது பேராசையாகத் தோன்றுகிறது. 600க்கும் 1,500க்கும் இடையே பேராசை ஒரு காசுகூட இல்லை என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது. அந்த வித்தியாசத்தை வீட்டுக்காரர் தராவிடில் மனைவியின் நகையும், பிள்ளையின் படிப்பும், தொழிலாளியின் முதுமையும் தந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக்காரர் கெட்டவரல்லர், தாம் பிறர் பொருளை அனுபவிப்பதாக அவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர் வாய் திறக்கவில்லை.

மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். நம் ரயில் பெட்டியில் பெருமையடித்துக்கொள்பவர்களும் உளர்: "ஒரு பியூஸ் போயிருந்தது, இரண்டாயிரம் வாங்கினேன்" என்பர். சேரிவாணிஜ ஜாதகத்தில் வரும் பேராசை வணிகன் இவ்வினத்தைச் சேர்ந்தவன். நொடித்துப்போன செல்வர் வீட்டில் ஒரு கிழவியும் பேத்தியும் அழுக்கேறிய பாத்திரத்தை அவனிடம் நீட்டினர். அவன் ஊசியால் கீறிப் பார்த்துப் பொன் என்று அறிந்துகொண்டு, இது அரைக் காசும் பெறாது என்று வீசிவிட்டுப் போனான்; பிறகு வந்து இனாமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். பின்னர் வந்த போதிசத்துவ வணிகனோ, இது இலட்சம் பெறுமானது, இதற்கு ஈடான பொருள் என்னிடம் இல்லை என்று உண்மையைக் கூறினான். இருந்ததையெல்லாம் கொடுத்து, தராசையும் ஓடக்கூலி எட்டுக் காசையும் மட்டும் வைத்துக்கொண்டான். கீறிப் பார்த்து அறிந்தவன் ஒருவன், அறியாதவர் மற்றொருவர். அநீதி பிறப்பது அவ்விடத்தில்தான். மோட்டாரைத் திறந்து பார்த்தவனுக்குத் தெரியும், கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது என்று. வெளியே நிற்கும் கிழவருக்குத் தெரியாது. "காயில் முழுவதும் எரிந்துவிட்டது" என்று சொன்னால் அவர் நம்பியே ஆகவேண்டும். கணக்கிட்டுப் பெற்ற 1,500 நம்முடையது. அறியாமையிலிருந்து பிடுங்கிய 200கூட அதின்னாதானமே, கொடாததை எடுத்தலே. நள்ளிரவில் அழைக்கப்பட்டால் அதிகம் கேட்கலாமா எனில், இரவுக்கென்று ஒரு விலையை முன்னரே வைத்து, புறப்படுமுன் அதைச் சொல்லிச் செல்வதில் குற்றமில்லை. வீடு இருண்டு குழந்தை அழும் நேரத்தில், அச்சம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து விலை கூறுவது வேறு.

விலையை இறக்கி வேலையைப் பிடிக்கும் சகோதரரைப்பற்றி யாது கூறுவது? "அவன் 1,500 கேட்டானா, நான் 500க்குச் செய்கிறேன்" என்பவர் தம் கூலியை மட்டும் குறைக்கவில்லை, ரயிலில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் கூலியையும் குறைக்கிறார். ஆனால் அன்றிரவு அரிசிக்கு வழியில்லாதவரை நாம் கடிந்துகொள்ளத் துணியோம்; பசியோடு இருப்பவனுக்கு உபதேசிப்பது எளிது. நாம் ஒன்றுகூடிக் கீழெல்லை ஒன்றை வகுத்துக்கொள்வதே தக்கது. அதுவும் புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞனை வெளியே தள்ளும் வேலியாக மாறிவிடக்கூடும் என்பதை மறத்தலாகாது. நம்மை வேலியால் தள்ளிவைத்த தேசம் இது. இக்காலத்தில் கைபேசி வழியாக ஆளனுப்பும் நிறுவனங்கள் விலைப்பட்டியலைத் தாமே அச்சிட்டு, தொழிலாளியின் வருவாயிலிருந்து ஒரு பங்கையும் பிடித்துக்கொள்கின்றன. விலையை முன்னதாக அறிவித்தல் என்னும் அதன் நன்மையை நாமும் கைக்கொள்ளலாம். பிடித்தத்துக்கு மட்டும் அவசியமில்லை.

ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே விலையா என்பதில் நம் கருத்து இது: விலை ஒன்றே. செல்வனின் வீட்டு வாசலைப் பார்த்து அதை உயர்த்துவது பொய். ஏழைக்குக் குறைப்பது தானம். தானமெனில், உரிய விலை இவ்வளவு, இதில் இவ்வளவு நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பது கொடுப்பவனுக்குத் தெளிவாயிருக்க வேண்டும். விலையே கூறாதவன் விட்டுக்கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை.

இதனை எழுதும்போது நம் சங்கத்தின் குற்றமும் நினைவுக்கு வருகிறது. ஆண்டுதோறும் வைகாசிப் பௌர்ணமிக்கு விகாரையின் விளக்கு வேலையை உபாசகர் ஒருவரிடம் ஒப்படைத்து வந்தோம். "நம்மவர்தானே" என்று கூலிபற்றிப் பேசுவதேயில்லை. இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வருவார். ஒரு சால்வை போர்த்தி அனுப்புவோம். கிராமத்து மரக்காலுக்கும் இந்தச் சால்வைக்கும் என்ன வேற்றுமை என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற பௌர்ணமிக்கு முன் அவரை அழைத்து, கூலிச்சீட்டு எழுதித் தரும்படி கேட்டோம். வருத்தப்பட்டார், மறுத்தார். வற்புறுத்தியபின், கணக்கர் மேசையருகே அமர்ந்து நெடுநேரம் யோசித்து, இரண்டு நாளுக்கு 3,000 ரூபாய் என்று எழுதினார். அதன் கீழே, தம் கைப்படவே, "தானம் 1,500" என்று எழுதிக் கையெழுத்திட்டார். எஞ்சிய 1,500ஐக் கணக்கர் கொடுத்தார். நோட்டுகளை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, ஏணியை எடுக்கச் சென்றார்.